தம்பியைப் புனர்வாழ்வுக்கு அனுப்பப் போகிறார்களாம். ஹட்டன் கோர்ட் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பொகவந்தலாவை அக்கா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 23 வயது. ஓ.எல். பரீட்சை எழுதிய கையோடு கொழும்புக்குப் போய் ஒரு பாத்திரக் கடையில் நின்றான். பழக்கம் அங்கேதான் தொற்றியது. தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. தோட்டத்து லயத்தில், எங்கள் காம்பரா அறைக்குள்ளேயே சுருண்டு கிடந்தான். காய்ச்சல் என்று நினைத்து அம்மா ரசம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் தெரிந்தது, தூள், ஹெரோயின்.

போன கிழமை நோர்வூட் பக்கம் ஆட்டோவை மறித்துச் சோதித்த பொலிஸ் இவன் சட்டைப் பையில் ஒரு சின்னப் பக்கெட்டை எடுத்தது. விற்கிறவன் இல்லை. அடிதடி இல்லை. முன்னால் எந்த வழக்கும் இல்லை. இப்போது ரிமாண்டில் இருக்கிறான். அடுத்த தவணை வரும் புதன்கிழமை.

"டொக்டர் ரிப்போர்ட் வந்தால் கோர்ட்டே புனர்வாழ்வுக்கு அனுப்பும்" என்று லோயர் சொன்னார். அடுத்த கேஸ் கூப்பிட்டார்கள், போய்விட்டார். அம்மா அன்றிலிருந்து "ஆமிக் கேம்புக்கா கொண்டு போகிறார்கள்?" என்று அழுகிறார். அது ஜெயிலா, ஆஸ்பத்திரியா? எத்தனை காலம்? நாங்கள் போய்ப் பார்க்கலாமா? அவனுக்குக் கட்டார் போகும் ஆசை இருந்தது, இது ரெக்கோர்டில் ஏறுமா? யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

---

தலவாக்கலை குமார்:

அக்கா, ரொம்ப யோசிக்க வேண்டாம். குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டினால் அன்றைக்கே வெளியே வந்துவிடலாம். என் மச்சானுக்கு அப்படித்தான் நடந்தது. புனர்வாழ்வு என்று போனால் சும்மா இழுபடும்.

---

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்:

மகள், நான் மலையகத்து நீதவான் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் தம்பி வயதுப் பிள்ளைகள் கூண்டில் நிற்க, பக்கத்தில் நின்றே என் வேலைக்காலம் போனது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குமார் தம்பி சொன்ன வழி. சிறிய அளவு என்றால் தண்டப்பணத்தோடு முடிவதும் உண்டுதான். ஆனால் குற்றத்தை ஒத்துக்கொண்டால் அது குற்றத்தீர்ப்பு. வெளிநாட்டுக்குப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கும்போது முன்னால் வந்து நிற்கும். அதைவிடப் பெரிய விசயம், பிள்ளை அதே வருத்தத்தோடு வீட்டுக்கு வருகிறான். மறுபடி பிடிபட்டால் "முன்குற்றம் உண்டு" என்று பொலிஸ் எழுந்து சொல்லும், நீதவான் அப்போது வேறு மாதிரித்தான் பார்ப்பார்.

சிகிச்சை வழி என்பது 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. போதைக்கு அடிமைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் கொடுப்பதற்கென்றே வந்த சட்டம். அதில் ஒருவர் தானாகவும் போய்ச் சேரலாம். இல்லாவிட்டால் பொலிஸ் அவரை அரசாங்க வைத்திய அதிகாரியிடம் காட்டும், "இவர் அடிமைப்பட்டவர், சிகிச்சை வேண்டும்" என்று டொக்டர் அறிக்கை கொடுத்தால் நீதவான் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பிக் கட்டளை இடுவார். அது சிகிச்சைக் கட்டளை, தண்டனை அல்ல. ஆனால் தூளைக் கையில் வைத்திருந்ததற்கான வழக்கையும் பொலிஸ் கூடவே போட்டிருக்கும். ஆகவே லோயரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "சிகிச்சைக் கட்டளை மட்டுமா, இல்லை குற்றத்தை ஒத்துக்கொண்ட பிறகா?" உங்கள் கட்டார் கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

எல்லாம் அந்த டொக்டர் அறிக்கையில் தங்கியிருக்கிறது. எப்போது தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, கடைசியாக எப்போது, இழுக்கிறானா ஊசியா, கிடைக்காத நாளில் உடம்பு என்ன செய்கிறது என்று கேட்பார். மானம் போகும் என்று நம் பிள்ளைகள் "எப்போதாவதுதான் சேர்" என்கிறார்கள். டொக்டர் அதைத்தான் எழுதுவார், அப்புறம் சிகிச்சை வழி அடைபட்டுவிடும். கூட்டிச் சொல்லவும் கூடாது. ஓரிரு தடவை ஆசைக்கு இழுத்த பையனை மாதக்கணக்கில் தூரத்தில் கொண்டுபோய் வைப்பதற்கும் அதே அறிக்கைதான் காரணமாகும். உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். காம்பராவில் சுருண்டு கிடந்த அந்த நாட்களை நீங்களே போய்ச் சொன்னாலும் நல்லது.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும், அதில் சுத்தமான ஹெரோயின் எவ்வளவு என்று இருக்கும். 2 கிராமும் அதற்கு மேலும் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய மேல்நீதிமன்ற விவகாரம். ஒரு பக்கெட் என்பது மில்லிகிராம் கணக்கு. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், அவர் மனதில் என்னென்ன ஓடுகிறதோ.

இனி அம்மாவின் கேள்வி. மறைக்காமல் சொல்கிறேன். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குச் சொந்தமான சிகிச்சை நிலையங்கள் உண்டு, கண்டியில் ஒன்று இருக்கிறது. அங்கே ஆலோசனையும் சிகிச்சையும்தான். நீதிமன்றத்திலிருந்து கட்டாயத்தில் அனுப்பப்படுகிறவர்கள் பலர் போவது பொலன்னறுவைப் பக்கத்துக் கந்தகாடு, சேனபுர நிலையங்களுக்கு. சுமார் ஒரு வருடம், முதல் பாதி கந்தகாட்டில், மற்றப் பாதி சேனபுரவில் தொழிற்பயிற்சியோடு என்பதுதான் வழக்கமாக இருந்தது. கந்தகாடு யுத்தத்துக்குப் பிறகு முன்னாள் போராளிகளை வைத்திருந்த இடம், இராணுவத்தினர் பொறுப்பில் இருந்த இடம். 2022 ஜூன் கடைசியில் அங்கே ஒருவர் இறந்து, கலவரமாகி, நூற்றுக்கணக்கானவர்கள் ஓடினார்கள். 2023இல் இந்த நிலையங்களை நடத்தும் புனர்வாழ்வுப் பணியகத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. அதன் மசோதாவை உயர் நீதிமன்றம் முதலில் ஏற்கவில்லை, போதைக்கு அடிமைப்பட்டவர்களோடும் சட்டத்தால் குறிப்பிடப்படுகிறவர்களோடும் மட்டுப்படுத்தித் திருத்தச் சொன்னது. அம்மாவின் பயத்தைக் காரணமில்லாத பயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவேதான் சொல்கிறேன், முதல் தடவை பிடிபட்ட, யாரையும் அடிக்காத பிள்ளைக்கு வீட்டுக்குப் பக்கத்திலான வழியைக் கேளுங்கள். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தில் சமுதாயம்சார் சீர்திருத்தக் கட்டளை என்று ஒன்று இருக்கிறது. சிறைக்குப் பதிலாக நீதவான் அதை இடலாம். சீர்திருத்த உத்தியோகத்தர் வீட்டு நிலைமை, தொழில், பழக்கம் எல்லாம் விசாரித்து அறிக்கை வைப்பார். பையன் வீட்டிலிருந்தே சம்பளமில்லாத பொது வேலை செய்வான், ஆலோசனைக்குப் போவான், உத்தியோகத்தரிடம் முகம் காட்டுவான். மீறினால் மறுபடி நீதிமன்றம், அப்புறம் சிறையும் வரலாம். இது குற்றத்தீர்ப்போடு சேர்ந்துதான் வரும், அதையும் யோசிக்க வேண்டும். ஆனால் வீட்டோடு, வேலையோடு தொடர்பு அறாது.

கடைசியாக ஒன்று, இது எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். 2023 டிசம்பரில் "யுக்திய" என்ற போதை ஒழிப்பு வேட்டையில் நாடு முழுக்கப் பிடித்தார்களே, அந்த மாதிரிக் காலங்களில் ஒரு காலைக்குள் எத்தனையோ பேரை நிறுத்துவார்கள். சிங்களத்தில் குற்றப்பத்திரம் ஓடும். பிள்ளை பயத்தில் தலையை ஆட்டுவான். தலையாட்டியது ஒத்துக்கொண்டதாகிவிடும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை மொழிபெயர்ப்புக் கேட்க அவனுக்கு உரிமை தருகிறது. "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று அவன் வாயால் கேட்க வேண்டும். நான் அந்த இடத்தில் நின்றவன். கேட்ட பிள்ளைக்காக நீதவான்கள் நிறுத்திப் பேசியதைப் பார்த்திருக்கிறேன். கேட்காத பிள்ளைக்கு அரை நிமிடம்தான்.

---

பதுளை ரவி:

அக்கா, நான் உள்ளே போய் வந்தவன். எந்த இடம் என்று எழுத விரும்பவில்லை.

ரிமாண்டில் இருக்கிறான் என்றால் உடம்பு வலி பெரும்பாலும் முடிந்திருக்கும். முதல் இரண்டு மூன்று நாள்தான் நரகம். மூக்கு ஒழுகும், வயிற்றால் போகும், எலும்புக்குள் குளிரும், தூக்கமே வராது. ஒரு கிழமையில் அடங்கிவிடும். ஆனால் ஆசை அடங்காது, அது வேறு.

உள்ளே காலையில் விசில், வரிசை, உடற்பயிற்சி, துப்புரவு. ஆலோசனை வகுப்பு முழுக்கச் சிங்களத்தில் நடந்தது. கடைசி வரிசையில் நாங்கள் நாலைந்து தமிழ்ப் பொடியன்கள், ஒருத்தனுக்கு நன்றாகச் சிங்களம் தெரியும், அவன் கிசுகிசுத்துச் சொல்லுவான். அவன் வீட்டுக்குப் போன பிறகு நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஐயா மேலே எழுதியதைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. உங்கள் தம்பிக்குச் சிங்களம் வருமா? கொழும்புக் கடையில் நின்றவன் என்றால் பேசுவான், ஆனால் மனதில் இருப்பதைச் சொல்ல அந்தச் சிங்களம் போதுமா என்று பாருங்கள். முடிந்தால் தமிழில் பேசுகிற ஆலோசகர் இருக்கிற இடத்தைக் கேளுங்கள்.

அம்மா பார்க்க வரலாம், ஆனால் மலையிலிருந்து பொலன்னறுவை என்றால் முதல் நாளே கிளம்ப வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் தோட்டத்தில் பேர் விழாது, அந்த நாள் கூலி இல்லை. சம்பளத்தில் அது தெரியும்.

முக்கியமாகச் சொல்ல வந்தது இது. பெரிய ஆபத்து உள்ளே இல்லை, வெளியே வந்த முதல் கிழமைகளில்தான். பல மாதம் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது. என்னோடு இருந்த ஒருத்தன் வீட்டுக்கு வந்து சில நாளில், பழைய கூட்டாளிகளோடு, பழைய அளவையே எடுத்தான். காலையில் எழும்பவில்லை. தம்பி வந்ததும் அவனைத் தனியாக விடாதீர்கள். சிம்மை மாற்றுங்கள். கொழும்புக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ஏதாவது ஒரு வேலை, மரக்கறித் தோட்டமோ கராஜோ, காலையில் எழும்பிப் போவதற்கு ஒரு இடம் வேண்டும். என்னை லயத்தில் எல்லாரும் "குடுக்காரன்", அதாவது தூள் அடிக்கிறவன், என்றார்கள். ஒரு மாமாதான் தன் கராஜில் சாவி கொடுத்து நிறுத்தினார். இன்றைக்கும் அங்கேதான் வேலை.

---

நுவரெலியாவிலிருந்து ஸ்கார்பரோ:

தங்கச்சி, நான் கந்தப்பளையில் பிறந்தவன், இப்போது டொரன்டோவில். ஒரு சமூக நிலையத்தில் வேலை. எங்கள் ஆட்கள் சிலருக்குத் துணையாகப் போதைச் சிகிச்சை நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறேன். இந்த முறை 1989இல் அமெரிக்காவின் மயாமியில் தொடங்கியது, டொரன்டோவில் 1998இல் வந்தது.

இங்கே வன்முறை இல்லாத வழக்குகளை மட்டும்தான் எடுப்பார்கள். குற்றத்தை ஒத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும், ஆனால் தண்டனையைத் தள்ளி வைப்பார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ வீட்டிலிருந்தே சிகிச்சை, அடிக்கடி சிறுநீர்ப் பரிசோதனை, கிழமைக்குக் கிழமை அதே நீதிபதி முன் வருகை. நீதிபதி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இந்தக் கிழமை எப்படிப் போனது?" என்று நேரே கேட்பார். நல்லபடியாக இருந்தால் எல்லார் முன்னும் பாராட்டுவார், மண்டபமே கைதட்டும். இடையில் தவறி எடுத்துவிட்டு, அதைத் தானே வந்து சொன்னவரை வெளியே தள்ளுவதில்லை. பொய் சொன்னவருக்குத்தான் கடுமை. ஒழுங்காக முடித்தவருக்கு ஜெயில் இல்லாத தீர்ப்பு.

ஐயா சொல்கிற இலங்கை முறையில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான்: நீதவான் கட்டளை போட்ட பிறகு அந்தப் பிள்ளையை மறுபடி பார்ப்பது எப்போது? கட்டளையில் திரும்ப அழைக்கும் தவணைகளைக் குறிக்கும்படி லோயர் கேட்டுப் பார்க்கலாமே.

---

பொகவந்தலாவை அக்கா:

எல்லாருக்கும் நன்றி. ரவி அண்ணன், உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நிறைய நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "கராஜ் வைத்திருக்கிற ஆள் நம்ம டவுனிலும் இருக்கிறாரே" என்றார்.

ஐயா, புதன்கிழமைக்கு என்ன கொண்டு போக வேண்டும்? லோயருக்கு இதற்கு மேல் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை.

---

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்:

பணம் இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி கொடுப்பார்கள். சம்பளத் துண்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை நிலையங்கள் பற்றிக் கேட்க 1927 என்ற இலக்கத்துக்கு இன்றைக்கே அழையுங்கள், கண்டி நிலையத்தில் இடம் இருக்கிறதா, தமிழில் ஆலோசனை உண்டா என்று கேளுங்கள். "இந்த நிலையம் ஏற்றுக்கொள்கிறது" என்று லோயர் எழுந்து சொல்ல முடிந்தால் அது பெரிய பலம்.

புதன்கிழமைக்குக் கிராம சேவகரிடம் வதிவிடக் கடிதம், அம்மாவுக்குத் தோட்டத்தில் வேலை என்பதற்கு அலுவலகக் கடிதம், அந்தக் கராஜ்காரர் வேலை கொடுக்கச் சம்மதித்தால் அவரிடமும் நாலு வரி. ஆஸ்பத்திரித் துண்டு எது இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீர்திருத்த உத்தியோகத்தருக்கும் இவை உதவும்.

ஸ்கார்பரோத் தம்பி சொன்னது நல்ல யோசனை. திரும்ப அழைக்கும் தவணையைக் கேட்பதில் தவறில்லை, அதையும் லோயரிடம் சொல்லுங்கள்.

ஒன்பது மணிக்கு முன் போய்விடுங்கள். ரிமாண்ட் பஸ் வந்து இறக்கும்போது கீழே நின்றால் தம்பியின் முகத்தைப் பார்க்கலாம். தமிழில் கேட்கச் சொல்லி அப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உள்ளே போன பிறகு பேச விட மாட்டார்கள்.