இறுக்கம் தளர்ந்தால் புண் ஆறுமா? சவாசனமும் அறுவைத் தழும்பும்

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:
"யோகாசனம் உடம்பை வளைக்க உதவுமே தவிர, நோய் ஆற உதவாது" என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். என் அனுபவம் வேறு என்பதால் எழுதுகிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளாக வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். கண்ணியோடு கண்ணியைப் பற்றவைக்கத் தலையைக் குனிந்தால் தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஏறிவிடும். ஏறியவை, பட்டறையைப் பூட்டி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த பின்னும் இறங்கியிருக்கவில்லை என்பது எனக்கே தெரியாது. சென்ற ஆண்டு பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை என்று முடிவானபோது, எங்கள் தெருவில் யோகா கற்றுத்தரும் அம்மா என்னைச் சவாசனத்தில் மல்லாந்து படுக்கவைத்து, கைமுட்டியை ஐந்து நொடி இறுக்கிப் பிடித்துச் சட்டென்று விடச் சொன்னார். விட்ட பிறகுதான், அத்தனை காலமும் அதை இறுக்கியே வைத்திருந்தேன் என்பது கைக்குப் புரிந்தது. அறுவைக்கு முன்னும் பின்னும் விடாமல் செய்தேன். தையல் நன்றாக ஆறியது, தூக்கமும் வந்தது. தசையை இறுக்கித் தளர்த்தும் இந்த முறையைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்தவர் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் என்று பின்னர் படித்தேன். பிணம்போல் மல்லாந்து கிடப்பது களைப்பைப் போக்கி மனத்துக்கு ஓய்வு தரும் என்று ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சொல்லியிருக்கிறது.

சூரமங்கலம் மருந்துக்கடை:
ஐயா, உங்கள் தையல் ஆறியதில் மகிழ்ச்சி. ஆனால் பித்தப்பை அறுவைத் தையல் பெரும்பாலானவர்களுக்குச் சவாசனம் இல்லாமலும் ஆறுகிறது. என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோய், காலில் சிறு புண். மலைமேல் நடந்த பத்து நாள் முகாமொன்றுக்குப் போனார். மூச்சுப் பயிற்சியே போதும், மாத்திரை தேவையில்லை என்று அங்கே யாரோ சொல்ல, அவரும் நிறுத்திவிட்டார். இறங்கி வந்தபோது விரல் கறுத்திருந்தது, எடுக்க வேண்டியதாயிற்று. வலி இருந்திருந்தால் முன்பே திரும்பியிருப்பார். சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு குறைந்துபோவதுதான் கொடுமை. அவருக்கு அங்கே கிடைத்த நிம்மதி பொய்யில்லை. அந்த நிம்மதியில்தான் புண்ணைப் பார்க்காமல் இருந்துவிட்டார்.

ஏற்காட்டுவாசி:
மலையைக் குறை சொல்லாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, ஏரிக்கரைக் குளிரில் இரண்டு நாள் மூச்சை இழுத்துவிட்டாலே நல்ல மாற்றம் தெரியும் என்று வருகிறவர்களே சொல்கிறார்கள். ஆனால் ஒன்று, தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்து மூட்டை சுமக்கும் பெண்களுக்கும் கழுத்து வலிக்கிறது; அவர்கள் சுவாசிப்பதும் இதே காற்றுதான்.

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:
பெரியப்பாவுக்கு நேர்ந்தது கொடுமை. மாத்திரையை நிறுத்தச் சொன்னவரை நானும் மன்னிக்கமாட்டேன். ஆனால் அந்தக் குற்றத்தை மூச்சின்மீது சுமத்தாதீர்கள். அமெரிக்காவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களுக்கும், அத்தகைய சுமை இல்லாத 13 பெண்களுக்கும் ஒரே அளவில் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். பராமரிப்பவர்களுக்கு ஆறச் சராசரியாக 48.7 நாளும், மற்றவர்களுக்கு 39.3 நாளும் ஆயின. நாள்முழுதும் கவலையில் கிடக்கும் உடலில் புண் மெதுவாக ஆறுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா?

சூரமங்கலம் மருந்துக்கடை:
அந்த ஆய்வை நான் மறுக்கவில்லை. கவலை ஆறுதலைத் தாமதப்படுத்தும் என்பது ஒன்று, சவாசனம் அதை விரைவாக்கும் என்பது வேறொன்று. பிரேக்கை அழுத்திக்கொண்டே ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறினால் வண்டி திணறும்தான். பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டால் மட்டும் டீசல் இல்லாமல் மேலே போய்விடுமா? இன்சுலினும், மருந்துக்கட்டும், தேவைப்பட்டால் கிருமிக்கொல்லியுந்தான் டீசல்.

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:
விரைவாக்குமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள், அதுவும் என்னைப்போன்ற பித்தப்பை நோயாளிகளிடமே. நியூசிலாந்தில் எலிசபெத் பிராட்பென்ட் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு அது. அறுவைக்கு மூன்று நாள் முன்பிருந்து ஏழு நாள் பின்புவரை தளர்வுப் பயிற்சி செய்தவர்களின் காயத்தில், புதுத் திசு உருவாவதைக் காட்டும் கொலாஜன் அறிகுறி மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது.

சூரமங்கலம் மருந்துக்கடை:
அளந்தது ஒரு வேதிப்பொருளை. புண் எத்தனை நாளில் மூடியது என்பதை அல்ல. ஆய்வை இறுதிவரை முடித்தவர்களும் 60 பேர்தான். ஆனாலும் இது வெறும் பேச்சில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயிற்சி செய்தவர்கள் அறுவையையும் செய்துகொண்டவர்கள் என்பதை மட்டும் யாரும் மறக்க வேண்டாம். எல்லா ஆசனமும் எல்லோருக்கும் தீங்கற்றது என்றும் எண்ணாதீர்கள்: சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காக உயர்ந்தது. கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் இருப்பவர் தலைகீழாக நின்றால் என்ன ஆகும்? படுக்கவைப்பதற்கு முன் உங்கள் ஆசிரியை என்னென்ன கேட்டார்?

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:
என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், இரத்த அழுத்தம் எவ்வளவு, கண்ணில் கோளாறு உண்டா என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். மூச்சை அடக்காதே, வெளியே விடுவதை மட்டும் நீட்டு என்றார். அறுவை முடிந்ததும், வயிற்றுத் தசையை விட்டுவிட்டுக் கை, கால், முகம் மட்டும் இறுக்கித் தளர்த்தினால் போதும், அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய் என்றார். அவர் எதுவுமே கேட்காமல் படுக்கச் சொல்லியிருந்தாலும் நான் படுத்திருப்பேன். இதெல்லாம் சொல்ல வேண்டியவை என்றே எனக்குத் தோன்றியிருக்காது.

சூரமங்கலம் மருந்துக்கடை:
அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் பெயர்களை மறைத்துப் படம் எடுத்து இங்கே போட முடியுமா? பெரியப்பா சென்ற முகாமுக்கு வைகாசியில் அடுத்த ஆட்களைச் சேர்க்கிறார்கள். எங்கள் தெருவிலேயே இருவர் பணம் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.