டம்ளரை தடவியதா, டம்ளரைத் தடவியதா?

திண்ணைவாசி:
"ஒற்றுப்பிழையை ஒழித்தால் போதும், பிள்ளைகளுக்கு எழுத்துத் திறன் தானாக வந்துவிடும்" என்று நேற்று தமிழய்யா இங்கே அருளியிருந்தார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. பத்தாவது படிக்கும் என் மகள், எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்து டீக்கடையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினாள். பாய்லர் ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கிப்போன பெரியவர், தன் டம்ளர் எது என்று தெரியாமல் மேசையைத் துழாவுகிறார். அந்த மாதிரி வரிகள். நோட்டு திரும்பி வந்தபோது 27 சிவப்பு வட்டம். "டம்ளரை தடவினார்" என்பதில் த் இல்லையாம். அடுத்த கட்டுரையை நோட்ஸைப் பார்த்து அப்படியே இறக்கினாள். வட்டமே இல்லை, 8க்கு 7. இதை கண்டிப்பாக யாராவது விளக்குங்கள்.

தமிழய்யா_ஓய்வு:
"இதைக் கண்டிப்பாக" என்று திருத்திவிட்டு வாருங்கள், விளக்குகிறேன். ஐ உருபு வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும், அதாவது அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் இடையில் அதே ஒற்று வரும். அப்பாவுக்கே வராதது மகளுக்கு எப்படி வரும்? "தந்த பலகை" என்றால் யாரோ கொடுத்த பலகை. "தந்தப் பலகை" என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. ஒரு ப் போனால் யானையே போய்விடுகிறது. 31 வருடம் வட்டம் போட்ட கை இது.

பின்பெஞ்ச்:
அந்த 31 வருடத்தில் எந்தப் பிள்ளையாவது தந்தப் பலகையைப் பற்றிக் கட்டுரை எழுதியதா ஐயா?

தமிழய்யா_ஓய்வு:
"வேலை கொடு" என்றால் உத்தியோகம். "வேலைக் கொடு" என்றால் ஆயுதம். இதற்கும் சிரிப்பீர்களா?

பின்பெஞ்ச்:
முருகனைத் தவிர யாரும் வேல் கேட்டு மனுப் போடுவதில்லை.

ஒன்பதாம்வகுப்பு_டீச்சர்:
நான் இன்றும் வகுப்பில் நிற்கிறவள். 52 நோட்டு. எல்லாவற்றையும் வட்டமிட்டால் பொழுது விடிந்துவிடும். பிள்ளைகள் மார்க்கைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். அதனால் ஒரு கட்டுரைக்கு ஒரு வகைப் பிழைதான். இந்த வாரம் ஐ, கு இரண்டுக்கும் பின்னால் வரும் ஒற்று மட்டும். வட்டமும் கிடையாது, வரியின் ஓரத்தில் ஒரு கோடு. பிழை எங்கே என்று அவர்களே தேட வேண்டும். அப்புறம் ஒரே ஒரு பத்தியைத் திருப்பி எழுதச் சொல்வேன். சத்தமாக வாசிக்க வைத்தால் நீள வாக்கியங்களில் அவர்களுக்கே மூச்சு முட்டும், தானே உடைத்துக்கொள்வார்கள். ஆனால் முதலில் ஒன்று: எழுத்துத் திறன் என்று இங்கே எதைச் சொல்கிறோம்? பிழை இல்லாததையா, சொல்வதற்கு ஒரு விஷயம் இருப்பதையா?

தமிழய்யா_ஓய்வு:
ஓரத்தில் கோடாம்! வட்டத்துக்கே திருந்தாதவன் கோட்டுக்குத் திருந்துவானா? என்னைப் பொருத்தவரை இதெல்லாம் திருத்தச் சோம்பல்பட்டவர்களின் தத்துவம்.

திண்ணைவாசி:
"பொறுத்தவரை" ஐயா. வல்லின று. வட்டம் போடட்டுமா?

தமிழய்யா_ஓய்வு:
கைப்பேசி விசைப்பலகை மாற்றிவிட்டது.

பின்பெஞ்ச்:
பிள்ளைகளுக்கு மட்டும் பேனா மாற்றவே மாற்றாது போல. வாழ்த்துக்கள்!

தமிழய்யா_ஓய்வு:
வாழ்த்துகள். க் போட்டால் அது குடிக்கிற கள். போன பொங்கலுக்கே சொன்னேன், இந்த ஆளுக்கு ஏறவில்லை.

பின்பெஞ்ச்:
பசுக்கள், பூக்கள் எல்லாம் எந்த மரத்தில் இறக்கியது?

தமிழய்யா_ஓய்வு:
பசு வேறு, பூ வேறு. வாழ்த்து என்பது வன்றொடர்க் குற்றியலுகரம், வல்லின ஒற்றை அடுத்துக் குறுகி ஒலிக்கும் உகரம். தெரியாத இடத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

பின்பெஞ்ச்:
அதே வன்றொடரில் "எழுத்துக்கள்" என்று அச்சடித்த புத்தகம் என் வீட்டு அலமாரியில் நாலு இருக்கிறது. வந்து வட்டம் போடுங்கள்.

பழைய_இரண்டாம்தாள்:
இதற்கெல்லாம் மூலம் வினாத்தாள்தான். எங்கள் காலத்தில் பத்தாம் வகுப்புத் தமிழுக்கு இரண்டாம் தாள் என்று தனியாக ஒன்று இருந்தது. 2019-20இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். கட்டுரைக் கேள்வியிலேயே முன்னுரை முதல் முடிவுரை வரை குறிப்பும் கொடுத்துவிடுகிறார்கள். கடிதத்தில் உறைமேல் முகவரிக்குப் பெட்டி போடச் சொல்லித் தருகிற அளவுக்கு, உள்ளே என்ன எழுதுவது என்று யார் சொல்லித் தருகிறார்கள்?

தமிழய்யா_ஓய்வு:
பெட்டி போடாதவனுக்கு நான் அரை மார்க் குறைப்பேன். அதுவும் ஒழுங்குதான். ஒற்று, பெட்டி, கையெழுத்து. இந்த மூன்றும் இருந்தால் மற்றது தானாக வரும்.

திண்ணைவாசி:
என் வீட்டில் தானாக வந்தது நோட்ஸ்தான். நான் கேட்டது 27 வட்டத்தைப் பற்றி. இன்னும் பதில் வரவில்லை.

தமிழய்யா_ஓய்வு:
27 பிழை இருந்தது, 27 வட்டம் விழுந்தது. இதில் விளக்க என்ன இருக்கிறது?

ஒன்பதாம்வகுப்பு_டீச்சர்:
என் கேள்வியும் அப்படியே கிடக்கிறது. அந்தப் பெரியவர் டம்ளரைத் தேடுகிற இடம் நன்றாக இருக்கிறது என்று நோட்டில் யாராவது ஒரு வரி எழுதினார்களா?

திண்ணைவாசி:
இல்லை டீச்சர்.

தமிழய்யா_ஓய்வு:
நன்றாக இருப்பது இருக்கட்டும். டம்ளர் என்பது தமிழா? குவளை என்று எழுதியிருக்க வேண்டும். அது 28ஆவது வட்டம்.

பின்பெஞ்ச்:
சரி ஐயா. குவளையை தடவினாரா, குவளையைத் தடவினாரா?

தமிழய்யா_ஓய்வு:
த் வரும்.