ரேடியேட்டர் எங்கே, சாக்கெட் எங்கே? திங்கட்கிழமை சுவர் வெட்ட வருகிறார்கள்

ஹாரோ புதுவாசி:
வணக்கம். லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய வீடு. கிச்சனை முழுசாகப் பெயர்த்துவிட்டோம். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, உயரம் 2.4. ஜன்னலுக்குக் கீழே இருந்த பழைய ஒற்றைப் பலகை ரேடியேட்டர் (பாய்லரின் சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகை; அகலம் 1200 மி.மீ., உயரம் 600) போய்விட்டது. அந்த இடத்தில் சிங்க்கும் டிஷ்வாஷரும் வருகின்றன. காலியாக மிஞ்சுவது தோட்டத்துக் கதவை ஒட்டி 800 மி.மீ. சுவர் மட்டும்தான்.

கிச்சன் அலமாரி யூனிட் விற்ற கடைக்காரர் பிளிந்த் ஹீட்டர் (யூனிட்டின் அடிப்பலகைக்குள் மறைந்திருந்து சூடான காற்று ஊதுவது) போடச் சொல்கிறார். மச்சானோ ஆளுயரத்துக்கு நிற்கிற ரேடியேட்டர்தான் அழகு என்கிறான். எது சரி? அப்புறம், எலெக்ட்ரீஷியன் நான்கு இரட்டை சாக்கெட் வரைந்து தந்திருக்கிறார். மிக்ஸி, கிரைண்டர், ரைஸ் குக்கர், கெட்டில், மைக்ரோவேவ், ஏர் ஃபிரையர் எல்லாம் இருக்கிறது. போதுமா? வியாழக்கிழமை பிளாஸ்டர்.

பாய்லர் தம்பி:
அண்ணா, அழகை அப்புறம் பார்க்கலாம், முதலில் வாட் கணக்கு. உங்கள் பழையது டைப் 11: ஒரு பலகை, பின்னால் ஒரு வரிசைத் தகடு. நல்ல சூட்டில் ஏறக்குறைய 1200 வாட் தந்திருக்கும். டைப் 22 என்றால் இரண்டு பலகை, இரண்டு வரிசைத் தகடு. அதே 600 உயரத்தில் 700 அகலம் வாங்கினாலே பழைய சூடு கிடைத்துவிடும், உங்கள் 800 சுவரில் அடங்கும். ஆனால் சுவரிலிருந்து சுமார் 13 செ.மீ. வெளியே நிற்கும். கதவு முழுதாகத் திறக்குமா என்று டேப் வைத்துப் பாருங்கள். வால்வுக்கும் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

இதில் ஒரு சூது இருக்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் வாட், ரேடியேட்டர் சராசரியாக 70 டிகிரியும் அறை 20 டிகிரியும் இருக்கும்போது வருவது. கண்டென்சிங் பாய்லர் (புகையோடு போகும் நீராவியின் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் வகை) சிக்கனமாக ஓட வேண்டுமென்றால் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பாய்லரை 55க்குக் குறைத்தால், திரும்பி வருவது 45 போல இருக்கும், அதே ரேடியேட்டர் பாதி வெப்பம்தான் தரும். 1200 என்று வாங்கியது 600 ஆகிவிடும். நாளைக்கு ஹீட் பம்ப் (வெளியே உள்ள சூட்டை இழுத்து, மிதமான சூட்டில் தண்ணீர் தரும் கருவி) வைக்கும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம். சில கடைகள் பிடியு (BTU, வெப்பத்துக்கான இன்னொரு அளவு) கணக்கில் போட்டிருப்பார்கள், 3.41ஆல் வகுத்தால் வாட். பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
பிளிந்த் ஹீட்டரோடு ஆறு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன், கேளுங்கள். சுவர் இடம் கேட்காது, ஐந்து நிமிஷத்தில் அறை சூடாகும், உண்மை. ஆனால் உள்ளே ஃபேன் இருப்பதால் சத்தம் உண்டு. நம் சமையலில் எண்ணெய்ப் பிசுக்கு, வெங்காயச் சருகு, மாவு எல்லாம் தரையோடு போய் அதற்குள்தான் அடைகிறது. வருஷத்துக்கு இரண்டு முறை முன்பலகையைக் கழற்றி வாக்குவம் போடுகிறேன். கழற்ற முடியாதபடி சிலிக்கான் அடித்துவிடாதீர்கள்!

பாய்லர் தண்ணீரில் ஓடுவதையே வாங்குங்கள். கரண்டில் மட்டும் ஓடுவதை வாங்கினால் பில்லைப் பார்த்து அழ வேண்டியிருக்கும்.

வயர் மாமா:
இங்கேதான் உங்கள் இரண்டு கேள்வியும் ஒன்றாகிறது. தண்ணீரில் ஓடும் பிளிந்த் ஹீட்டருக்கும் ஃபேனுக்காகக் கரண்ட் வேண்டும். அதற்கு வொர்க்டாப்புக்கு மேலே, ஃபியூஸ் வைத்த தனி ஸ்விட்ச். பிளாஸ்டர் ஆன பிறகு நினைவு வந்தால் சுவரை மறுபடி உடைக்கத்தான் வேண்டும்.

ஆளுயர ரேடியேட்டர் என்றாலும் அதே கதைதான். சாக்கெட்டிலிருந்து கேபிள் நேர் மேலேயோ நேர் பக்கவாட்டிலோ போகும் என்பது நம் தொழில் வழக்கம். ஒரு வீட்டில் நான் வயர் இழுத்து முடித்த பிறகு, வேறொருவர் வந்து சாக்கெட்டுக்கு நேர் மேலே ரேடியேட்டர் பிராக்கெட்டுக்கு ட்ரில் போட்டார். ஆர்சிடி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) டப்பென்று விழுந்தது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளாஸ்டருக்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் அளவோடு போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்டட் சுவர் (மரச்சட்டத்தில் பலகை அடித்த சுவர்) என்றால் பிராக்கெட் வருகிற உயரத்தில் மரக்கட்டையும் இப்போதே வைக்கச் சொல்லுங்கள்.

நான்கு இரட்டை போதாது. சாமான்களை எண்ணாதீர்கள், எது எங்கே நிரந்தரமாக உட்காரும் என்று எண்ணுங்கள். கிரைண்டரைத் தினமும் தூக்க முடியுமா? சாக்கெட்டின் அடிப்பக்கம் வொர்க்டாப்பிலிருந்து 150 மி.மீ. மேலே, சிங்க் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 300 மி.மீ. தள்ளி இருக்கட்டும். அடுப்பின் மேல் வயர் தாண்டுகிற இடம் வேண்டவே வேண்டாம். டிஷ்வாஷரின் முதுகுக்கு நேர் பின்னால் சாக்கெட் வைத்தால் அது உள்ளே போய் உட்காராது. பக்கத்து கப்போர்டுக்குள் வையுங்கள்.

ஹாரோ புதுவாசி:
நன்றி மாமா. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் தாங்குமா? கிரைண்டர் கோயம்புத்தூரிலிருந்து வந்தது, இப்போது அடாப்டரில் ஓடுகிறது.

வயர் மாமா:
கிரைண்டரை நினைத்துப் பயப்பட வேண்டாம், அது 150 வாட் சமாச்சாரம். கவனிக்க வேண்டியது கெட்டில், அது மட்டுமே 3000. 32 ஆம்பியர் ரிங் (சாக்கெட்டுகளை வளையமாக இணைக்கும் லைன்) என்றால் 7300 வாட் போல. கெட்டில், டிஷ்வாஷர், வாஷிங் மெஷின், ஏர் ஃபிரையர் சேர்ந்தால் அதைத் தாண்டும். கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும் என்றாலும், கிச்சனுக்குத் தனி ரிங் கேளுங்கள், மின் அடுப்பு என்றால் அதற்குத் தனி லைன். இங்கிலாந்தில் புது சர்க்யூட் போட்டால் கட்டடத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் என்றால் அவரே செய்து சான்றிதழ் தருவார். வீடு விற்கும்போது கேட்பார்கள்.

அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள். இங்கேயும் 230 வோல்ட்தான். எர்த்தோடு மூன்று முள் பிளக் மாட்டி, கிரைண்டருக்கு 3 ஆம்பியர், மிக்ஸிக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள்.

ஹாரோ புதுவாசி:
முடிவு செய்துவிட்டோம். கதவுப் பக்கம் டைப் 22, 600க்கு 700. பாய்லரைக் குறைத்து ஓட்டினால் அது மட்டும் போதாது என்பதால், சிங்க்குக்கு அடியில் சின்ன பிளிந்த் ஹீட்டருக்குக் குழாயும் ஸ்விட்ச்சும் இப்போதே விட்டு வைக்கிறோம். இந்தக் குளிர்காலம் பார்த்துவிட்டு வாங்குவோம். இரட்டை சாக்கெட் ஏழு. மச்சான் கோபத்தில் இருக்கிறான்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
சாமி அலமாரிக்கு ஒரு பாயிண்ட் சொன்னீர்களா தம்பி? எல்லோரும் மறப்பது அதைத்தான்.

ஹாரோ புதுவாசி:
ஐயோ. இதோ, எலெக்ட்ரீஷியனுக்கு போன் போடுகிறேன்.