கல் பலிபீடத்துக்காக நீதிமன்றம் வரை போனது ஏன்?

கேள்வி:
இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள வட்டத் தேவாலயத்தை (இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது) புதுப்பித்தபோது வைத்த கல் பலிபீடத்தை ஏற்க முடியாது என்று 1845இல் நீதிமன்றம் தீர்ப்பளித்ததாம். கல்லோ மரமோ, ஆராதனை நடந்தால் போதாதா? இதில் ஏன் இவ்வளவு கோபம்?

பதில் 1:
கல்லா மரமா என்பதில்தான் சண்டையே இருக்கிறது. பலிபீடம் என்றால் அங்கே குருவானவர் பலி செலுத்துகிறார்; அது கத்தோலிக்கக் கொள்கை. மேசை என்றால் சபையார் கூடித் திருவிருந்து எடுக்கிறார்கள். இங்கிலாந்துத் திருச்சபை போப்பை விட்டுப் பிரிந்த சீர்திருத்தக் காலத்தில், 1550இல், கல் பீடங்களை இடித்து மரமேசை போட்டதே இதற்காகத்தான்.

அப்புறம் காலச்சூழலையும் பாருங்கள். 1829இல் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்துக்குள் வர வழி திறந்தது. 1833இல், இங்கிலாந்துத் திருச்சபையைப் பழைய கத்தோலிக்க மரபுகளின் பக்கம் திருப்ப முயன்ற ஆக்ஸ்ஃபோர்டு இயக்கம் தொடங்கியது. 1839இல் ஜான் மேசன் நீலும் பெஞ்சமின் வெப்பும் கேம்பிரிட்ஜில் கேம்டன் சங்கத்தைத் தொடங்கி, இடைக்காலக் கோதிக் பாணிதான் கிறிஸ்தவக் கட்டடக்கலை என்று வாதிட்டார்கள். 1841இல் வட்டத் தேவாலயத்தின் ஒரு பகுதி இடிந்ததும் சங்கமே பொறுப்பேற்று, கட்டடக் கலைஞர் ஆண்டனி சால்வினை வைத்துப் புதுப்பித்தது. பீடம் அப்படித்தான் உள்ளே வந்தது.

அந்தச் சபையின் குருவானவர் ஃபால்க்னர் எதிர்த்தார். கீழ் நீதிமன்றத்தில் தோற்று, திருச்சபையின் மேல்முறையீட்டு நீதிமன்றமான ஆர்ச்சஸ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். மேசை மரத்தால் ஆனதாக, நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நீதிபதி ஜென்னர் ஃபஸ்டின் முடிவு. ஃபால்க்னரைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. தான் நம்பாத கொள்கையைத் தன் தேவாலயத்திலேயே கல்லில் நட்டால் அவர் சும்மா இருப்பாரா?

பதில் 2:
சங்கத்தின் பக்கமும் நியாயம் உண்டு. வசதியான குடும்பங்கள் கதவு வைத்த பெட்டி இருக்கைகளை வாடகைக்குப் பிடித்துக்கொண்டன. ஏழைகளுக்கு மிச்ச இடம்தான். எல்லாருக்கும் திறந்த பெஞ்சு வேண்டும் என்று விடாமல் கேட்டவர் நீல். எதிரிகளுக்கு அது கண்ணில் படவில்லை. செல்ட்டன்ஹாம் ஊரின் குருவானவர் பிரான்சிஸ் குளோஸ் 1844 நவம்பர் 5 அன்று செய்த பிரசங்கத்தின் தலைப்பே, தேவாலயங்களை மீட்பது போப் மார்க்கத்தை மீட்பதே என்பதுதான்.

கேட்டவர்:
அப்போ 1845 தீர்ப்போடு முடிந்துவிட்டதா?

பதில் 1:
எங்கே முடிந்தது! சங்கம் பெயரை மாற்றிக்கொண்டு லண்டனுக்குப் போனது. 1850இல் லண்டன் பிம்லிகோவின் புனித பர்னபா தேவாலயத்தில் கூட்டம் புகுந்து கலவரமே நடந்தது. அங்கேயும் கல் பலிபீடம்தான். 1857இல் இறுதி மேல்முறையீட்டை விசாரித்த பிரிவி கவுன்சில் அந்தப் பீடம் கூடாது என்றது. ஆனால் பீடப்பகுதியைப் பிரிக்கும் தடுப்பின் மேல் இருந்த சிலுவையை விட்டுவைத்தது.