கடைத்தெருவில் வங்கிக்கு இடம் விடலாமா?

கேள்வி: வேலூர் லாங் பஜார் பக்கம் 40 அடி முகப்புள்ள தரைத்தளம். வங்கி கேக்குது, வாடகை நிச்சயம். பக்கத்துக் கடைக்காரங்க ஏன் வேண்டாம்ங்கறாங்க?

பதில் 1: சாயந்தரம்தாங்க சிக்கல். 4 மணிக்கு கவுண்டர் மூடிடும். ஜவுளிக் கூட்டம் 6 மணிக்கு மேலதான். 40 அடி இருட்டா கிடந்தா, கடைவீதி அதோட முடிஞ்சுதுன்னு ஜனங்க திரும்பிடுவாங்க. ஞாயிறு, 2வது, 4வது சனி முழுக்க ஷட்டர்தான்.

பதில் 2: அதுக்காக மாடிக்கு அனுப்பாதீங்க. லாக்கர் அறை எடையைப் பழைய கட்டடம் தாங்காது. பென்ஷன்காரங்களுக்குப் படியும் கஷ்டம். வாசலுக்கும் ஏடிஎம்முக்கும் 12 அடி போதும். மீதி 28 அடியில, 15 அடி ஆழத்துக்கு மூணு கடை போடுங்க. வங்கி பின்னால விரியட்டும்.

பதில் 3: ராத்திரி முகப்பு விளக்கு எரியணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க. பைக் நிறுத்த இடம் காட்டலைன்னா பக்கத்துக் கடை வாசல்தான் ஸ்டாண்டு. சண்டை அங்கதான் ஆரம்பிக்கும்.