8 ஜிபி ரேம், கையில் கொஞ்சம் பணம்: முழு கான்டாக்டா, இலவச எஸ்எஃப்இசட்டா?

மீட்டுகோல்:
ரீப்பர் (இசைப்பதிவு மென்பொருள்), 8 ஜிபி ரேம் மடிக்கணினி, 61 கட்டை மிடி கீபோர்டு. தொழில் இல்லை, ஓய்வு நேரத்து இசைதான். வேண்டியது ஒரு பியானோ, தந்திக் குழு, டிரம்ஸ், ஒரு ரிவெர்ப் (அறையின் எதிரொலியைச் சேர்ப்பது). பதிவு செய்த ஒலிகளைக் கட்டையில் வாசிக்கவைக்கும் கான்டாக்ட் மென்பொருளின் முழுப் பதிப்பைத் தள்ளுபடியில் வாங்குமளவுக்குப் பணம் இருக்கிறது. வாங்கினால் அதோடு கை காலி. வாங்கலாமா, எல்லாவற்றையும் இலவசமாகவே திரட்டலாமா? இன்னொன்று: பியானோபுக் என்ற ஒலித் தளத்தில் இறக்கிய கருவிகள் இலவச கான்டாக்ட் பிளேயரில் கொஞ்ச நேரம் ஒலிக்கின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

நாலாம்கட்டை:
கோப்பில் குறை இல்லை. பிளேயருக்கென்று உரிமம் பெற்று வெளியான லைப்ரரிகளை (ஒலித் தொகுப்புகளை) மட்டும்தான் இலவச பிளேயர் முழுதாகத் திறக்கும். மற்றதெல்லாம் 15 நிமிட டெமோ. "ஆட் லைப்ரரி" வழியாகச் சேர்க்கப் பார்த்தாலும் லைப்ரரியே இல்லை என்றுதான் சொல்லும். பியானோபுக்கில் கான்டாக்ட் வடிவில் கிடைப்பவை முழுப் பதிப்புக்கானவை.

அதனால்தான் சொல்கிறேன், வாங்கிவிடுங்கள். தனியாட்கள் செய்யும் சின்னச் சின்ன அருமையான கருவிகளில் பெரும்பங்கு முழு கான்டாக்டுக்காகவே வருகிறது. அந்தக் கதவு ஒரு முறை திறந்தால் போதும். முழு விலை மட்டும் கொடுக்காதீர்கள். பாதி விலைக்கு வருவது வழக்கம், நவம்பர் கடைசி வாரத்தைத் தவறவிடாதீர்கள். பிளேயரில் ஓடும் கட்டண லைப்ரரி ஏதாவது ஏற்கெனவே இருந்தால் கிராஸ்கிரேடு விலை (ஏற்கெனவே வாங்கியவருக்கான சலுகை) காட்டுகிறதா என்று கணக்கில் பாருங்கள். முழுப் பதிப்போடு ஃபேக்டரி லைப்ரரியும் வருவதால் முதல் நாளே வேலை தொடங்கலாம்.

திறந்தமூலன்:
நாலாம்கட்டை சார் கதவு என்கிறார். பூட்டும் அங்கேயேதான் இருக்கிறது. புதிய பதிப்பில் சேமித்த கருவியைப் பழைய பதிப்பு திறக்காது. 7-க்காகச் செய்த லைப்ரரி வேண்டுமென்றால் 6 வைத்திருப்பவர் மறுபடி பணம் கட்ட வேண்டும். "ஒரு முறை" என்பது எங்கே போயிற்று?

மீட்டுகோல், அதே பியானோபுக் பக்கத்தில் டீசென்ட் சாம்ப்ளர் வடிவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல கருவிகளுக்கு இரண்டு வடிவமும் உண்டு, அந்த பிளேயர் இலவசம், நேரக் கட்டுப்பாடு இல்லை. மற்றதற்கு எஸ்எஃப்இசட். அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த வேவ் கோப்பு எந்தக் கட்டைக்கு, கட்டையை அழுத்தும் எந்த வேகத்துக்கு (வெலாசிட்டி) என்று வரி வரியாக எழுதியிருக்கும். ப்ளோக் நிறுவனத்தின் ஸ்ஃபோர்சாண்டோ இலவசம், எஸ்ஃபிஸ் திறந்த மூலம். இரண்டில் ஒன்று போதும்.

பியானோவுக்கு சாலமாண்டர்: யமஹா சி5, 16 வெலாசிட்டி அடுக்கு, மூன்று அரைச்சுரத்துக்கு ஒரு பதிவு. தந்திக்கு விஎஸ்சிஓ 2 சமூகப் பதிப்பு, அல்லது அதையும் வேறு சில இலவசத் தொகுப்புகளையும் கோத்துச் செய்த வெர்ச்சுவல் பிளேயிங் ஆர்க்கெஸ்ட்ரா. டிரம்ஸுக்கு டிரம்கிஸ்மோ, பல மைக் பதிவுகளோடு. சின்தசைசர் தேவைப்பட்டால் சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், பழைய டிஎக்ஸ்7 ஒலிகளுக்கு டெக்செட். உங்கள் பட்டியல் முடிந்தது, பணம் பையிலேயே இருக்கிறது.

நாலாம்கட்டை:
பியானோவை ஒத்துக்கொள்கிறேன், சாலமாண்டர் இலவசம் என்பதற்காகச் சலுகை கேட்காத பியானோ. தந்தியில்தான் சண்டை.

தந்திக்கு உயிர் லெகாட்டோ. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வில் நிற்காமல் போகும் அந்த இடைவெளியையே தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும்: ஒவ்வொரு சுரத்திலிருந்தும் மேலே 12, கீழே 12 அரைச்சுரம், அதுவும் இரண்டு மூன்று ஒலி அளவுகளில். ஆயிரக்கணக்கான வெட்டுகள், அதன்மேல் ஸ்கிரிப்ட் வேலை. ஆர்வத்துக்காகச் செய்பவர் அதற்கு உட்காரமாட்டார். இலவசத் தொகுப்புகளில் "லெகாட்டோ" என்று இருப்பது பெரும்பாலும் அடுத்த சுரத்தின் தொடக்கத்தை வெட்டி, முந்தையதோடு குறுக்கே மங்கச் செய்வதுதான். வேகமான வரியில் தெரியாது. மெதுவான மெலடியில் ஒவ்வொரு சுரமும் புதிதாகப் பிறப்பது அப்பட்டமாகக் கேட்கும்.

வைப்ரேட்டோவோடு (சுரத்தின் நடுக்கத்தோடு) பதிவான சாம்பிளைப் பிட்ச் பெண்டால் (சுருதியை வளைக்கும் சக்கரத்தால்) இழுத்துப் பாருங்கள். மேலே இழுத்தால் வைப்ரேட்டோவும் வேகமாகும், கீழே இழுத்தால் சோம்பும். இழைத்து வாசிக்க நினைப்பவருக்கு வைப்ரேட்டோ இல்லாத பதிவு தனியாக வேண்டும். அது எத்தனை இலவசத் தொகுப்பில் இருக்கிறது?

அரைமாத்திரை:
ரெண்டு பேரும் 8 ஜிபியை மறந்துட்டீங்க பாஸ்.

கணக்குப் போடுவோம். தந்திக் குழுவில் ஒரு பிரிவு: 5 ஆர்ட்டிகுலேஷன் (வாசிப்பு முறை), 20 சுரம், 3 அடுக்கு, 3 ரவுண்ட் ராபின் (ஒரே சுரத்துக்கு மாறி மாறி வர்ற பதிவு). 900 சாம்பிள். 3 மைக் திறந்தா 2700. கான்டாக்ட் ஒவ்வொரு சாம்பிளோட தலைப்பகுதியையும் ரேமில் ஏத்தி வைக்கும், வழக்கமா 60 கேபி. 2700 × 60 கேபி, சுமார் 162 எம்பி. அஞ்சு பிரிவுக்கு 810 எம்பி. ஆபரேட்டிங் சிஸ்டம், பிரவுசர், ரீப்பர் எல்லாம் எடுத்தது போக மிச்சத்துல பியானோவும் டிரம்ஸும் உட்காரணும்.

வழி இருக்கு. ஒண்ணு, ஒரே மைக் வைங்க, மூணில் ஒரு பங்கா இறங்கிடும். ரெண்டு, எஸ்எஸ்டி இருந்தா மெமரி அமைப்புல "ஓவர்ரைடு" பெட்டியை டிக் பண்ணி 12 கேபிக்கு இறக்குங்க. அந்த டிக் போடாம எண்ணை மட்டும் மாத்தினா ஒண்ணும் நடக்காது, நிறைய பேர் இங்கதான் "வேலை செய்யலை"ம்பாங்க. சுழலும் ஹார்டு டிஸ்க்ல இதைச் செஞ்சா டப் டப்னு வெட்டும், வேண்டாம். மூணு, பாட்டை எழுதி முடிச்சதும் சாம்பிளை எல்லாம் பர்ஜ் பண்ணி (ரேமிலிருந்து இறக்கி), ஒரு தடவை முழுசா ஓட விட்டு, சாம்பிள் பூலை அப்டேட் கொடுங்க. வாசிச்ச சுரம் மட்டும் ரேமில் நிக்கும். எஸ்ஃபிஸ்லயும் முன்கூட்டி ஏத்துற அளவை மாத்தலாம்.

நாலாவது எல்லாத்தையும் விடச் சுலபம்: ட்ராக்கை ரைட் கிளிக் பண்ணி ஸ்டீரியோவா ஃப்ரீஸ். ரீப்பர் ஆடியோவா மாத்திட்டு ப்ளகினை இறக்கிடும். திருத்தணும்னா அன்ஃப்ரீஸ். இது ரெண்டு கட்சிக்கும் பொது.

மீட்டுகோல்:
நன்றி. டீசென்ட் சாம்ப்ளர் வேலை செய்கிறது. எஸ்எஃப்இசட் கோப்பு ஒன்றை நானே எழுதிப் பார்த்தேன், சொந்தமாகப் பதிந்த மர சைலஃபோன். மூன்று சிக்கல்: நடு சியைத் தவிர எல்லாக் கட்டையும் தவறான சுருதியில், கட்டையை விட்டதும் "டிக்" என்று வெட்டுகிறது, ஒரே சுரத்தை அடுத்தடுத்து அடித்தால் இயந்திரத் துப்பாக்கி போல இருக்கிறது.

திறந்தமூலன்:
மூன்றுக்கும் ஒவ்வொரு வரிதான்.

சுருதி: பிட்ச்_கீசென்டர் எழுதவில்லை. எழுதாவிட்டால் பிளேயர் அதை 60 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது நடு சி. மேலே உள்ள 67-ஆம் சுரத்தின் பதிவையும் 60-இல் பதிந்ததாக நினைத்து ஏழு அரைச்சுரம் கூடுதலாகத் தள்ளிவிடும். பதிவு 67 என்றால் லோகீ=66, ஹைகீ=68, பிட்ச்_கீசென்டர்=67. இப்படி எழுதினால் ஒரு பதிவு மேலே ஒன்று, கீழே ஒன்று மட்டுமே நீளும், நிறம் மாறாது. ஒரே கட்டைக்கு மட்டும் என்றால் கீ=67 போதும், மூன்றையும் அதுவே நிரப்பும்.

டிக்: ஆம்ப்ஈஜி_ரிலீஸ் எழுதாவிட்டால் ஏறத்தாழ பூஜ்யம், அலை பாதியில் அறுபடும். 0.3 வைத்துப் பாருங்கள். சைலஃபோனுக்கு இன்னும் நல்லது லூப்_மோட்=ஒன்_ஷாட்; கட்டையை விட்டாலும் பதிவு முடியும்வரை ஒலிக்கும். டிரம்ஸுக்கும் அப்படித்தான். ஹைஹேட்டுக்கு மட்டும், மூடியது திறந்ததை அடக்க, இரண்டுக்கும் குரூப்=1, ஆஃப்_பை=1.

துப்பாக்கி: ஒவ்வொரு சுரத்தையும் மூன்று தடவை பதிந்து, சீக்_லெங்த்=3, ஒவ்வொன்றுக்கும் சீக்_பொசிஷன்=1, 2, 3. அவ்வளவுதான் ரவுண்ட் ராபின்.

கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து எஸ்எஃப்இசட்டில் இருப்பதும் டிஸ்கில் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும். விண்டோஸில் திறப்பது லினக்ஸில் ஊமையாகிவிடும். பாதைக்கு முன்சாய்வுக் கோடு போடுங்கள்.

மீட்டுகோல்:
மூன்றும் சரியாகிவிட்டன. சரி, உரிமம்? இந்த இலவச ஒலிகளை வைத்துப் பாட்டு வெளியிடலாமா?

ஓலைச்சுருள்:
எல்லா இலவசமும் ஒன்றல்ல. விஎஸ்சிஓ 2 சமூகப் பதிப்பு சிசி0 (கிரியேட்டிவ் காமன்ஸ் உரிம வகை), அதாவது பொதுச் சொத்து போல, எதுவும் செய்யலாம். வெர்ச்சுவல் பிளேயிங் ஆர்க்கெஸ்ட்ரா பல மூலங்களின் கலவை என்பதால் மூலத்துக்கு மூலம் உரிமம் வேறு, கூட வரும் ஆவணத்தைப் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் "பிஒய்" என்றால் பெயர் சொல்ல வேண்டும். "என்சி" என்றால் வணிகமற்ற பயன்பாடு. விளம்பர வருமானம் வரும் காணொளிக்கு அது சிக்கல். "ராயல்டி ஃப்ரீ" என்று எழுதியிருந்தாலும் அது பாட்டுக்குள் பயன்படுத்தத்தான். அந்த ஒலியைத் தனியாக, இன்னொரு சாம்பிள் பேக்காக விற்க, சிசி0 தவிர எங்கும் அனுமதி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காத இடம் கன்டென்ட் ஐடி, அதாவது பதிந்த ஒலியை மற்றவர் காணொளிகளில் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் அமைப்பு. விநியோக நிறுவனம் பாட்டை ஏற்றும்போது அதில் சேரட்டுமா என்று கேட்கும். ஆயத்த லூப்பை (முன்பே செய்து வைத்த இசைத் துண்டை) அப்படியே போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். யூடியூப் விதிப்படி தனியுரிமை இல்லாத ஒலியை அதில் பதியக் கூடாது. மீறினால் அதே லூப்பை வைத்திருக்கும் ஊர்பேர் தெரியாத ஆள் பாட்டின் மேல் உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை பாயும். சுரம் சுரமாக நீங்கள் வாசித்த கருவிக்கு இந்தத் தலைவலி கிடையாது.

நாலாம்கட்டை:
இரண்டாம் கை உரிமத்தை யாரும் சொல்லவில்லையே. சிக்கனத்துக்கு அது நல்ல வழி, கேவிஆர் என்ற இசை மென்பொருள் தளத்தின் சந்தைப் பகுதியில் தினமும் வருகிறது.

ஓலைச்சுருள்:
வருகிறது, பொறியும் வருகிறது. பணம் அனுப்பும் முன் மூன்றைக் கேளுங்கள். தயாரிப்பாளர் பெயர் மாற்றத்தை அனுமதிக்கிறாரா? ப்ளகின்களில் பலர் அனுமதிப்பார்கள், சாம்பிள் லைப்ரரிகளில் மறுப்பவர் அதிகம். மாற்றக் கட்டணம் யார் கையிலிருந்து? ஐலாக்கில் (உரிமங்களைக் காக்கும் சேவை) இருந்தால் தனிக் கட்டணம் உண்டு. "என்எஃப்ஆர்" முத்திரை உள்ளதா? அது மறுவிற்பனைக்கு அல்ல. விற்பவர் கடவுச்சொல்லோடு கணக்கையே தருகிறேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அரைமாத்திரை:
வாங்கினாலும் நிம்மதி இல்லைங்கறதுக்கு 2023 மார்ச் ஞாபகம் இருக்கா? ப்ளகின் கம்பெனி வேவ்ஸ் இனிமே சந்தா மட்டும்னு அறிவிச்சாங்க, கூச்சல் கிளம்பினதும் சில நாள்லயே திரும்ப விற்பனைக்குக் கொண்டு வந்தாங்க. எதை வாங்கினாலும் இன்ஸ்டாலரை ஒரு வெளி டிஸ்க்ல போட்டு வைங்க. இலவசத்துலயும் அதே கதைதான், பழைய 32 பிட் ப்ளகின் எவ்வளவு? மேக்ல கட்டலினா வந்த 2019லயே எல்லாம் செத்துப் போச்சு.

ரிவெர்ப் பத்தி யாரும் பதில் சொல்லலை. வல்ஹல்லா சூப்பர்மாசிவ் இலவசம்தான், ஆனா அது வானத்துல மிதக்கற ரகம், அறை கேக்கறவருக்கு இல்லை. அறைக்கு டிராகன்ஃபிளை. இல்லைன்னா ரீப்பரோட ரியாவெர்ப்ல இம்பல்ஸ் (ஒரு இடத்தோட எதிரொலிப் பதிவு) போடுங்க, யார்க் பல்கலைக்கழகத்தோட ஓப்பன்ஏர்ல நிஜ இடங்களோட பதிவு இருக்கு.

திறந்தமூலன்:
அதோடு சேர்த்து ஒன்று. அயோவா பல்கலைக்கழகத்தின் இலவசப் பதிவுகள் பல எதிரொலியற்ற அறையில் எடுத்தவை. ரிவெர்ப் போடாமல் கேட்டால் காதுக்குள் வாசிப்பது போல இருக்கும், அது குறை அல்ல. ஆனால் அரங்கில் பதிந்த தொகுப்போடு நேராகக் கலக்கக் கூடாது. வறண்டதை முதலில் ஒரு சின்ன அறை ரிவெர்ப் வழியாக அனுப்பி, பிறகு இரண்டையும் பொதுவான ஒரு சென்டுக்கு (எல்லாக் கருவிக்கும் பொதுவான ரிவெர்ப் பாதைக்கு). அரங்கில் உட்கார்ந்த இடத்தோடு பதிந்த பிரிவை மறுபடி பான் செய்யாதீர்கள் (இட வலமாக நகர்த்தாதீர்கள்); வயலின் இடப்பக்கம் ஏற்கெனவே இருக்கும், அறையின் ஒலியும் சேர்ந்து ஓரம் சாய்ந்துவிடும்.

மீட்டுகோல்:
தந்தி மட்டும்தான் பாக்கி. இப்போதைக்கு ஸ்பிட்ஃபயரின் ஆர்க்கெஸ்ட்ரா தொகுப்பான பிபிசி டிஸ்கவரை இறக்கியிருக்கிறேன், 200 எம்பிதான். நவம்பர் வரை பொறுத்துப் பார்க்கிறேன். கட்டணத் தந்தி வாங்குவதானால் டெமோ கேட்டு எப்படி முடிவு செய்வது?

நாலாம்கட்டை:
தயாரிப்பாளர் பக்கத்தில் இருக்கும் முழுப் பாட்டு டெமோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் ரிவெர்ப், ஈக்யூ (ஒலித் திருத்தம்), கூடவே வேறு லைப்ரரியும் இருக்கலாம். எதுவும் சேர்க்காமல் வாசித்துக் காட்டும் காணொளியைத் தேடி மூன்று இடத்தைக் கேளுங்கள். மாட் வீலை (ஒலியின் பலத்தை மாற்றும் கீபோர்டுச் சக்கரம்) 30-க்குக் கீழே வைத்து மெதுவாக ஒரு மெலடி: மெல்லிய அடுக்கு உண்மையில் பதிவா, வெறும் ஒலிக் குறைப்பா என்று அங்கே தெரியும். பிறகு ஒற்றைக் கருவியில் மாட் வீலைக் கீழிருந்து மேலே தள்ளும் இடம்: அடுக்கு மாறும்போது இரண்டு பேர் வாசிப்பது போலச் சுழன்றால் விலகிவிடுங்கள், எந்த ஈக்யூவும் அதைச் சரிசெய்யாது. கடைசியாக, ஒரே சுரத்தில் எட்டு ஸ்டக்காட்டோ (குட்டையாக வெட்டி வாசிப்பது).

திறந்தமூலன்:
டிஸ்கவரிலும் இந்த மூன்றையும் நீங்களே ஓட்டிப் பாருங்கள், அதுவும் பாட்டின் மற்ற கருவிகளோடு சேர்த்து. தனியாகக் கேட்கும்போது தோற்பது கலவையில் தோற்றால்தான் பணம் எடுக்க வேண்டும்.

நாலாம்கட்டை:
மெலடியே தந்தி என்றால் கலவையிலும் தோற்கும்.