பழைய புரொஜெக்டரை ஓட்டிக் காட்டுவதா, நிறுத்தி வைப்பதா?

தக்கலைக்காரன்:
சென்னை அண்ணா சாலை அஞ்சலக வளாகத்துக்குள்ள எலக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் இப்பவும் நிக்குது. 1913ல் வார்விக் மேஜர் தொடங்குனது. பிறகு தபால்துறை வாங்கி, தபால்தலைப் பிரிவுக்குக் குடுத்துட்டாங்க. நல்ல காரியம்தான். ஆனா சுவரைப் பாத்து படம் எப்படி ஓடுச்சுன்னு ஒரு பிள்ளைக்கும் விளங்காது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல மூடிக்கிடக்கிற கொட்டகைகள்ல உள்ள 35 எம்.எம். மிஷினை ஆக்கர்கடைக்கு விடாம எடுத்து, ஃபிலிம் போட்டு ஓட்டிக் காட்டணும்.

குளச்சல் அலை:
எடுக்கணும், சரி. ஓட்டக் கூடாது. ரெண்டு பருவமழையும் வாங்குற ஊரு இது. ஈரமும் சூடும் சேர்ந்தா அசிட்டேட்ங்கிற பழைய வகை ஃபிலிம் கெட்டுப்போகும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடிச்சா அது சுருங்க ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். நூத்துல ஒரு பங்கு சுருங்கினாலே போதும், ஃபிலிம் ஓரத்துத் துளையும் அதை இழுக்குற சக்கரத்துப் பல்லும் ஒத்து வராது. ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, பக்கத்துக்கு 4 துளை; நொடிக்கு 24 ஃப்ரேம். வரிசையா கிழிச்சிட்டே போகும். கடைசிக்காலத்தை அகஸ்தீஸ்வரத்துல கழிச்ச ஜே.சி. டேனியலோட ‘விகதகுமாரன்’ மலையாளத்தின் முதல் படம். அதுல ஒரு பிரதிகூட மிஞ்சல. இன்னும் எதை இழக்கணும்?

தக்கலைக்காரன்:
கடைசிப் பிரதியை யாரு போடச் சொன்னா அண்ணாச்சி? புது பாலியெஸ்டர் ஃபிலிம்ல 1000 அடி போதும். நிமிஷத்துக்கு 90 அடி, 11 நிமிஷக் காட்சி.

குளச்சல் அலை:
பாலியெஸ்டர் அறுகாது, அதுதான் ஆபத்து. அசிட்டேட் சிக்குனா ஃபிலிம் போகும். பாலியெஸ்டர் சிக்குனா பல்சக்கரமோ தண்டோ வளையும். அந்தப் பாகத்துக்கு மாற்று எங்க இருக்கு?

வடசேரி ஆபரேட்டர்:
ரெண்டு பேரும் மோட்டாரிலேயே நிக்குதீங்க. முதல்ல கரண்டே குடுக்கப்படாது. ஃபிலிமை ஒவ்வொரு ஃப்ரேமா நிறுத்தி நிறுத்தி நகத்துற சிலுவைச் சக்கரம் இருக்கிற பெட்டியில பழைய எண்ணெய் பசையா உறைஞ்சிருக்கும். வடிச்சு, கழுவி, கண்ணாடியில உள்ள கோடு வரைக்கும் புது எண்ணெய் விடணும். கையால சுத்திப் பாக்கணும். எங்கயாவது பிடிச்சா அங்கேயே நிறுத்தணும். பல்லு கொக்கி மாதிரி தேஞ்சிருந்தா அந்தச் சக்கரத்துல ஃபிலிம் போடவே கூடாது. இதெல்லாம் சரியானா, ஃபிலிம் இல்லாம அரைமணி நேரம் ஓட்டணும்.

பிறகு ஃபிலிம். வெளிச்சம் ஃபிலிம்ல விழுற இடம்தான் கேட். அதுக்கு மேலயும் கீழயும் ஃபிலிமைத் தளர்த்தி வளையம் விடணும். வளையம் அழிஞ்சா படம் குதிக்கும். ஃபிலிம் ஓரத்துல பதிஞ்சிருக்கிற ஒலித்தடம் படத்துக்கு சுமார் 21 ஃப்ரேம் முன்னால ஓடுது. கீழ் வளையம் பெருசானா உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.

தக்கலைக்காரன்:
வெளிச்சத்துக்கு ரெண்டு கார்பன் குச்சிக்கு நடுவுல எரியுற கார்பன் ஆர்க்தானே அண்ணாச்சி? அந்த வெளிச்சம் இல்லாம அந்தக் காலத்தைக் காட்ட முடியாது.

வடசேரி ஆபரேட்டர்:
அதுல நான் குளச்சலாரு பக்கம். கார்பனுக்கு டி.சி. கரண்டு வேணும், புகைபோக்கி வேணும். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும். ஆளு பக்கத்துலயே நின்னு நெருக்கிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா ஆர்க் அணைஞ்சுபோகும். ஃபிலிம் கேட்ல நின்னுட்டா சூட்டுல கொப்பளிக்கும். ஸெனான் பல்பும் வேண்டாம். அணைஞ்சு கிடக்கும்போதே உள்ள அழுத்தம் உண்டு, முகக்கவசம் போடாம தொடக்கூடாது. எல்இடி வச்சா சூடு குறைவு. கார்பன் விளக்குக்கூண்டைக் குச்சியோட திறந்து வச்சு, பக்கத்துல காட்டுங்க.

குளச்சல் அலை:
எல்இடின்னா எதிர்ப்பு பாதி குறையுது. ஆனா சுத்துற மிஷின் ஒண்ணுதான். அதே கொட்டகையில அதோட ஜோடியா இருந்த இன்னொரு மிஷினை உதிரிபாகத்துக்குன்னு கழட்டாம, துடைச்சு எண்ணெய் பூசி அப்படியே வைக்கணும். அதுக்குச் சம்மதம்னா நானும் வாறேன்.